செவுள்

சீட்டுப் பணம் பதினெட்டாயிரம் என்றேன்.
கழிவு போகப் பதினேழு என்று திருத்தினாள் பெலிசிட்டா.
ரேஷன் கார்டு உறைக்குள் அதை மடித்து வைத்து
பர்மா பஜாரின் பின்சந்தில்
ஒரு மாடி ஏறினோம்.
கடைக்கே வியர்த்திருந்தது.

கடைப் பையன் புதுசைத்தான் முதலில் எடுத்தான்.
வெள்ளி நிறம், முகம் தெரிகிற மூடி.
முப்பத்திரண்டு, தவணை உண்டு,
பை இலவசம், மவுஸ் இலவசம்.
"உள்ளே எவ்ளோ ஜிபி?"
"நாலுக்கா."
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த மூடியை நான் ஒருமுறை தடவியதை மட்டும்
பார்த்து வைத்துக்கொண்டாள்.

மணலியிலிருந்து மச்சான் போனில் வந்தான்:
எட்டாம் தலைமுறைக்குக் கீழே தொடாதே மாமா.
எனக்குத் தாத்தா பேர் வரைக்கும்தான் தெரியும்.
சரிப்பா என்றேன்.

பிறகு அவளே கைநீட்டிக் கேட்டாள்
மேல்தட்டில் இருந்த கறுப்பை.
எந்தக் கம்பெனியிலோ உழைத்தது;
ஒட்டியிருந்த எண்ணைச் சுரண்டிய இடத்தில்
பசை இன்னும் பிசுபிசுத்தது.

விடிகாலை நாலு மணி ஏலத்தில்
வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கி
சிவப்பா, பழுப்பா என்று பார்க்கிற அதே விரல்.
கண்ணை அமுக்கிப் பார்க்கிற அதே விரல்.
மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.
ஓட்டைகளுக்குள் டார்ச் அடித்தாள்.
காற்று வெளியேறும் பக்கத்தில் மூக்கை வைத்தாள்.
பையன் சிரித்தான்.
"அடியில ஒரு ஸ்க்ரூ இல்ல" என்றாள்.
அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை.

உள்ளேயிருந்து வந்தார் நைனா முகம்மது.
"எதுக்கும்மா, வீட்டுக்கா?"
மவன் பிராஜெக்ட் அடிக்கணும்,
வெளியில பக்கத்துக்குப் பதினஞ்சு ரூபா வாங்குறான்.
பெட்டிக் கணக்கு, ஐஸ் கணக்கு,
எவன் எவன் எவ்ளோ பாக்கி.
ஞாயித்துக்கிழமை ஒரு படம்.
"கேம் ஆடுவாப்லயா?"
"ஆடும்னா வேணாம்."

"இது போதும். எட்டு ஜிபி, எஸ்எஸ்டி போட்டது,
பேட்டரி ரெண்டு மணி நேரம், பொய் சொல்லல.
வீடு எங்க?"
"காசிமேடு. கடல்லேர்ந்து மூணாவது தெரு."
அவர் கை பின்வாங்கியது.
"உப்புக் காத்தும்மா. அங்கே நான் வாரண்டி குடுக்கிறதில்ல."
"கடலா வந்து வாங்குது?
நான்தானே வாங்குறேன்?"

பதினாறில் தொடங்கி
பதினாலரையில் நின்றது.
மூன்று மாதம் வாரண்டி, சார்ஜர்,
இல்லாத அந்த ஸ்க்ரூ.
மவுஸ் கேட்டாள், கிடைக்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
ராயபுரம் பாலம் குலுங்கக் குலுங்க
இரண்டு கையாலும் அணைத்து
மடியிலேயே வைத்திருந்தாள்.
மடிக்கணினி என்று ரீகன் புத்தகத்தில் படித்தபோது
எனக்கு விளங்காத சொல்.

இரவு துடைக்கும்போது ரீகன்தான் காட்டினான்.
எல்லா எழுத்தும் தெளிவாக இருக்க
ஒரு பொத்தான் மட்டும் தேய்ந்து மொழுமொழுவென்றிருந்தது.
அடித்ததை அழிக்கிற பொத்தானாம்.
யாரோ எங்கோ உட்கார்ந்து
என்னத்தையோ எழுதி எழுதி அழித்திருக்கிறார்கள்.
"வேலை செய்யுதில்ல?" என்றாள் பெலிசிட்டா.
செய்தது.

அவள் சொல்லச் சொல்ல அவன் அடித்த முதல் கட்டத்தில்
லேப்டாப், பதினாலாயிரத்து ஐந்நூறு.
இரண்டாவது கட்டத்தில்
ஆட்டோ, அறுபது.
மூன்றாவதில் என் பெயரை அடிக்கச் சொன்னாள்.
போன மாதம் நான் வாங்கிய கைமாற்று
அவளுக்கு எப்படித் தெரியும்?

சார்ஜ் இறங்கிச் சிவப்பு காட்டியது.
எங்கள் அறையில் பிளக் மூன்றுதான்.
ஃபிரிட்ஜைப் பிடுங்க முடியாது,
நாளைக்கு விற்கிற மீன் அதில்தான் இருக்கிறது.
ஃபேன், அதுவும் முடியாது.
கொசு மருந்தைப் பிடுங்கினோம்.

விளக்கை அணைத்த பிறகும்
ரீகன் முகத்தில் நீல வெளிச்சம்.
அதைச் சுற்றி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன,
அவையும் பார்க்க வந்ததுபோல.
துணி எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள்,
முடிந்ததும் மூட.
அவன் முடிக்கிற மாதிரி தெரியவில்லை.